செந்தாமரை இறுக்கிய நட்டுகள்

செந்தாமரைக்கு ஒரு திருட்டு வேலை இருந்தது. யார் வீட்டுப் பொருளிலும் கை வைக்கிற திருட்டு இல்லை. சொந்த வாசலில், சொந்த டிராக்டர் டிரெய்லரின் சக்கரத்தடியில், சொந்தப் புருஷனுக்குத் தெரியாமல் செய்கிற வேலை. விடிந்தும் விடியாத நேரத்தில் ஜீவானந்தம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போவான். அவன் தலை மேட்டுக்கு அப்பால் மறைந்ததும் இவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொட்டகைக் கூரையில் சொருகி வைத்திருந்த இரும்புக் குழாயை உருவுவாள். வீல் ஸ்பேனரின் கைப்பிடியில் குழாயை மாட்டி நீளமாக்கிக்கொண்டு, முந்தைய நாள் சாயங்காலம் அவன் இறுக்கிவிட்டுப் போன சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடியும் இறுக்குவாள்.

இறுக்கும்போது ஒவ்வொரு நட்டும் கொஞ்சம் திரும்பும். நன்றாக இறுகிய நட்டு ஏன் திரும்ப வேண்டும்? பாவம், மனுஷனுக்குக் கையில் பலம் இல்லை, அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். 'பாவம்' என்ற சொல்லை அவன் காதுபட ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அவன் தாங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

இதில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஜீவானந்தம் இறுக்கி முடித்ததும் நட்டுக்கு நட்டு பொட்டு வைப்பான். காய்ந்து உதிராமல் இருக்கக் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து வைத்திருப்பான். வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பொட்டு வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இவன் தினமும் வைத்தான். செந்தாமரை ஸ்பேனரைப் போட்டால் பொட்டு அழிந்துவிடும். ஆகவே அவள் வேலை முடிந்ததும் அதே கிண்ணத்தைத் தேடி எடுத்து, அழிந்த பொட்டையெல்லாம் புதிதாக வைத்துவிட்டு, குழாயைக் கூரையில் சொருகி, கையைச் சாம்பல் போட்டுக் கழுவிவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல அடுப்பைப் பற்ற வைப்பாள். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து பொய் சொல்லிப் பழகாதவள், நல்ல கைகாரியாகிவிட்டாள்.

முன்பெல்லாம் டிராக்டர் ஜீவானந்தத்தின் கையில்தான் இருந்தது. மலைமேலிருக்கும் அவர்கள் ஊரான கடுக்காய்ப்பட்டிலிருந்து காவலூர் வழியாக ஆலங்காயத்துக்கு இறங்கும் அத்தனை வளைவும் அவனுக்கு மனப்பாடம். புளி, சாமை, பலா என்று எந்தக் காலத்து லோடானாலும் ஊரார் அவனைத்தான் கூப்பிடுவார்கள். போன வருஷம் புளி உலுக்க மரமேறியவன், காய்ந்த கிளையில் கால் வைத்துக் கீழே வந்து சேர்ந்தான். உயிர் பிழைத்தது பெரிய விஷயம் என்று திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் வலது தோளில் நரம்பு போய்விட்டது. அந்தக் கை ஒரு டம்ளரைப் பிடிக்கும், சோற்றைப் பிசையும். ஸ்டியரிங்கை ஒடிக்காது, கியரைத் தள்ளாது.

அப்போது செந்தாமரைதான் ஏறி உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் சும்மா விளையாட்டாக அவனிடம் கேட்டு, கொல்லையில் உழுது பழகியிருந்தாள். அந்த விளையாட்டு வீட்டைக் காப்பாற்றியது. முதல் முறை லோடோடு மலை இறங்கியபோது அவள் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. இப்போது வழுக்குவதில்லை. ஊரில் முதலில் சிரித்தவர்கள் எல்லாம் இப்போது மூட்டையோடு வாசலில் வந்து நிற்கிறார்கள்.

ஜீவானந்தம் மூக்கால் அழுகிற ஜாதி இல்லை. ஆடு பார்த்தான், உலை வைத்தான், புளி உடைத்தான், குழம்பில் உப்பைக் கூட்டிப் போட்டுவிட்டு அவளிடம் திட்டும் வாங்கினான். எதற்கும் முகம் சுளிக்கவில்லை. ஒரே ஒரு வேலையை மட்டும் விட்டுத்தரவில்லை. "வண்டி நீ ஓட்டு. சக்கரத்த நான் பாத்துக்கறேன்" என்றான். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் ஸ்பேனரோடு உட்கார்ந்துவிடுவான். பல்லைக் கடித்து இடது கையால் அவன் இழுப்பதை அடுப்படியிலிருந்து பார்க்கும்போதெல்லாம், போய் அந்த ஸ்பேனரைப் பிடுங்கிவிடலாமா என்று அவளுக்குக் கை பரபரக்கும். பிடுங்கினால் நட்டு இறுகும், சரி. அவனிடம் அப்புறம் என்ன மிச்சமிருக்கும்? அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் விடியற்காலைத் திருட்டுக்கு இறங்கினாள்.

மாசியில் புளி லோடு உச்சத்தில் இருந்த ஒருநாள், பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவும் கூட வந்தாள். தன் மூட்டையைத் தன் கண் முன்னால்தான் எடை போட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவள் அவள். மட்கார்டு மேல் சாக்கை விரித்து உட்கார்ந்து, காவலூர் வரைக்கும் தன் மருமகளைப் பற்றியும், காவலூர் தாண்டித் தன் மகனைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள். மலை இறங்கி முடிகிற இடத்தில், கடைசி வளைவுக்குச் சற்று முன்னால், பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம்.

"இன்னாடி அது?" என்றாள் பச்சையம்மா.

செந்தாமரை பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்தாள். வண்டி நிற்பதற்குள் இன்னொரு 'டங்'. சாலையில் எதுவோ தெறித்து உருண்டு பள்ளத்தில் போனது. இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டுப் பார்த்தாள். இடது சக்கரத்தின் எட்டு நட்டில் இரண்டு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை இருந்தது. போல்ட்டே முறிந்து, நட்டோடு போய்விட்டிருந்தது.

ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தாள். இந்தச் சத்தம் மேலே, அந்தக் குறுகல் வளைவில் கேட்டிருந்தால்? பச்சையம்மா தலையில் கை வைத்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். செந்தாமரை ஆலங்காயத்தில் டயர் கடை வைத்திருக்கும் அதாவுல்லா பாய்க்கு போன் போட்டாள். ஜீவானந்தம் ஓட்டுகிற காலத்திலிருந்தே இந்த டிரெய்லரின் பஞ்சரெல்லாம் அவர் கையால் ஒட்டியதுதான்.

அவர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். தாடியைச் சொறிந்துகொண்டு சக்கரத்தைச் சுற்றி வந்தார். மிச்சமிருந்த நட்டுகளை விரலால் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். "மீதி தாங்கும். நடக்கற வேகத்துல உருட்டிக்கினு வா. நான் பின்னாலயே பாத்துக்கினு வர்றேன். கை காட்டினா நிறுத்திடு" என்றார். பச்சையம்மா வண்டியில் ஏற மறுத்து, தன் மூட்டைக்குப் பக்கவாட்டில் கடை வரைக்கும் நடந்தே வந்தாள்.

கடையில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றும்போது செந்தாமரை தானாகவே சொன்னாள். "சரியா இறுகல போல பாய். அவருக்குக் கை முன்ன மாதிரி இல்லீங்க. நானும் தெனம் காலைல பாப்பேன், ஒவ்வொரு நட்டும் கொஞ்சம் திரும்பும். இன்னைக்குப் பாத்துட்டுத்தான் வந்தேன். அப்பவும் இப்பிடி ஆயிடுச்சு."

"காலைல நீ இறுக்குவியா? எதுல?"

"ஸ்பேனர்லதான். குழாய் மாட்டி."

அதாவுல்லா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். உள்ளே போய்ப் புதுப் போல்ட்டு ஒன்றை எடுத்து வந்தார். சக்கரத்திலிருந்து அடித்துக் கழற்றிய, இன்னும் முறியாத ஒரு பழைய போல்ட்டை அதன் பக்கத்தில் நிறுத்தினார்.

"எது ஒசரம்?"

"பழசு."

"வாங்கும்போது ரெண்டும் ஒரே அளவு. இப்ப இடுப்பு எப்பிடி சிறுத்துப் போயிருக்கு பாரு."

செந்தாமரை எடுத்துப் பார்த்தாள். நடுவில் மெலிந்து, நட்டு ஏறும் மரைச் சுற்றுகள் இழுபட்டு அகன்றிருந்தன. "இரும்பு நீளுமா பாய்?"

"இழுத்தா நீளும்மா. நட்ட இறுக்கறோம்னா இன்னா பண்றோம்? போல்ட்ட இழுத்துப் பிடிச்சு வைக்கறோம். அளவா இழுத்தா அது தம் பிடிச்சு சக்கரத்த விடாது. அளவுக்கு மேல இழுத்தா ஜவ்வு மிட்டாய்தான். நீண்டுக்கினே போயி ஒருநாள் அறுந்துடும்." சக்கரத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தொட்டு விரலை முகர்ந்தார். "எண்ணெய் வேற. மரையில எண்ணெய் எறங்கினா வழவழன்னு ஓடி, கொஞ்சம் இழுத்தாலே ரொம்ப இழுத்துடும். சாமிக்கு வைக்கறத வேணாம்னு நான் சொல்லல. சக்கரத்துத் தகடு மேல வைங்க. மரைப் பக்கம் வேணாம்."

செந்தாமரைக்கு இன்னும் ஒரு விஷயம் விளங்கவில்லை. அது விளங்காமல் அவளால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. "இல்ல பாய், காலைல அது திரும்புமே. லூஸா இருந்தாதான திரும்பும்?"

"லூஸா இருந்து திரும்பலம்மா. நீ குழாய் போட்டு இழுக்க இழுக்க போல்ட்டு நீண்டு குடுத்துது. அது குடுத்த எடத்துக்கு நட்டு போச்சு. அதான் ஒனக்குத் திரும்பின மாதிரி இருந்துது."

"அப்ப அவரு சாயங்காலம் இறுக்கறது?"

"அது பத்தலன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்றார் அதாவுல்லா.

யாரும் சொல்லவில்லை. அந்த நட்டுதான் சொன்னது. நட்டு சொன்னதை அவள் நம்பினாள். ஒவ்வொரு விடியலிலும் அது ஒரு விரற்கடை திரும்பியபோதெல்லாம், இவன் கையில் இனி ஒன்றும் இல்லை என்று மனசுக்குள் எழுதி எழுதி வைத்தாள். அந்தக் கை போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது. கடை வாசலில் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்துப் பச்சையம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அதான் ஒண்ணும் ஆவலயேடி, வுடு" என்றாள்.

அதாவுல்லா இரண்டு சக்கரத்துக்கும் புதுப் போல்ட்டு அடித்து, மரையைத் துணியால் துடைத்து, நட்டுகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக மாற்றி மாற்றிப் பூட்டினார். ஜாக்கியை இறக்கிய பிறகு, ஒரு நீளமான பெட்டியிலிருந்து டார்க் ரெஞ்சை எடுத்தார். பார்க்க ஸ்பேனர் மாதிரிதான். கைப்பிடியில் எண் வரிசை இருந்தது. "வேணுங்கற அளவ இதுல வச்சுட்டா, இழுக்கும்போது அந்த அளவு வந்ததும் 'டிக்'குனு அடிக்கும். அடிச்சதும் கைய எடுத்துடணும். அதுக்கு மேல ஒரு நூல்கூட வேணாம்." பதினாறு நட்டும் டிக், டிக் என்று அடித்து ஓய்ந்தன.

மண்டியில் லோடை இறக்கி, பச்சையம்மாவின் மூட்டைக்கு எடையும் போட்டு முடித்துக் கடை வழியாகத் திரும்பும்போது அதாவுல்லா அந்த ரெஞ்சுப் பெட்டியை அவள் மடியில் வைத்தார். "புது போல்ட்டு ஒரு ஓட்டம் ஓடினதும் கொஞ்சம் அமுந்தும். வூட்டுக்குப் போயி, சக்கரம் ஆறினப்புறம் ஒரே ஒரு தடவ இதால பாத்துடுங்க. அளவு வச்சிருக்கேன், இந்தத் திருகத் தொடாதீங்க. நாளைக்கு வரும்போது குடுத்தா போதும்."

வெறும் வண்டி மலையேறும்போது குதித்துக்கொண்டே வந்தது. பச்சையம்மா பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டதால் பேச்சுத் துணையும் இல்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள் செந்தாமரை. போல்ட்டு முறிந்ததைச் சொல்ல வேண்டும் என்றால் குழாயைச் சொல்ல வேண்டும். குழாயைச் சொன்னால், இத்தனை நாள் உன் கையை நான் நம்பவில்லை என்று சொன்னதாகிவிடும். சொல்லாமல் மறைத்தால், தன் கை போதாததால்தான் முறிந்தது என்று அவன் எடுத்துக்கொள்வான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்குத்தான் அடி விழுந்தது. காவலூரில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்தாள். டீ தீர்ந்ததுதான் மிச்சம்.

வீட்டில் ஜீவானந்தம் கூடத்தில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தான். வலது கையால் பழத்தைக் கல்லில் பிடித்து, இடது கைக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தவன், டிராக்டர் சத்தம் கேட்டதும் எழுந்து வந்தான்.

"ஏன் தாமர இவ்ளோ நேரம்? போன் போட்டா எடுக்கல."

அவள் இறங்கி நின்று, ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "சக்கர போல்ட்டு ரெண்டு ஒடஞ்சுடுச்சு மாமா. கடேசி வளைவுல. எனக்கு ஒண்ணும் ஆவல."

அவன் முதலில் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். பிறகு சக்கரத்தைப் பார்த்தான்.

"என்னாலதான்" என்றான்.

"இல்ல மாமா, என்னாலதான்."

"நீ சும்மா இரு. நான்தான் ஏறி மிதிச்சேன்."

"நான்தான் குழாய் போட்டு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "நீ ஏறி மிதிச்சியா? எதுமேல?"

ஜீவானந்தம் குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். "ஸ்பேனர் மேல. சாயங்காலம் நீ குளிக்கப் போவ இல்ல, அப்ப. கையால இறுக்கிட்டு, அப்புறம் அதுமேல ஏறி நின்னு ரெண்டு குதி குதிப்பேன்."

"எதுக்கு?"

"நீ குழாய் போடறியே, அதுக்கு."

நல்ல கைகாரி என்று தன்னைப் பற்றி நினைத்திருந்தவள் முகத்தில் அசடு வழிந்தது. "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"பொட்டுதான். நான் கட்ட விரல்ல வைப்பேன், நசுங்கிக் கெடக்கும். நீ வண்டிய எடுக்கும்போது பாத்தா ஒவ்வொண்ணும் வட்டமா, அளவா, உன் நெத்தில இருக்கற மாதிரி கீது. வண்டி நட்டுக்கு எவன் அவ்ளோ அழகா பொட்டு வைப்பான்?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதை அடக்குவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டாள். "தெரிஞ்சும் ஏன் மாமா ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ வுட்டுடுவ. என் மனசு நோவும்னு வுட்டுட்டு, வழியெல்லாம் பயந்துக்கினே ஓட்டுவ. அதுக்கு நீ இறுக்கிக்கினே போவட்டும்னு இருந்துட்டேன். அதுக்குத்தான் ஆட்ட அவ்ளோ சீக்கிரமா ஓட்டிக்கினு போனேன். விடியறதுக்கு முன்னால எந்த ஆடு பசிக்குதுன்னு கத்துது?"

அந்த ஆடுகள் பாவம், தூக்கக் கலக்கத்தோடு இத்தனை நாள் ஓடைக்கு நடந்திருக்கின்றன.

"அப்புறம் ஏன் குதிச்ச?"

அவன் வலது கையை இடது கையால் பிடித்துத் தேய்த்துக்கொண்டான். "ஒரு நாளாவது நீ குழாய் போட்டு இழுக்கணும், அது அசையக்கூடாதுன்னு ஆச தாமர. அட, மாமா நல்லாத்தான் இறுக்கியிருக்கான்னு நீ ஒரு நாளு நெனைக்கணும். அதுக்காகக் குதிச்சேன். மறுநாள் பொட்டப் பாத்தா மறுபடியும் வட்டமா இருக்கும். சரி, பத்தல போலன்னு இன்னும் ஓங்கிக் குதிப்பேன்."

செந்தாமரை அவன் பக்கத்தில் போய் அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டாள். போல்ட்டு நீண்ட கதையை, அதாவுல்லா சொன்னபடி சொன்னாள். இழுத்த இழுப்புக்கு நீண்டு கொடுத்தது இரும்புதான், குறை அவன் கையில் இல்லை என்று சொன்னாள். "நீ கையால இறுக்கினதே போதுமாம் மாமா. நம்ம ரெண்டு பேரும் போதும்னு வுடாம இழுத்ததுல, அந்த இரும்புதான் தாங்க மாட்டாம போச்சு."

அவன் கேட்டுக்கொண்டான். ஆனால் அவள் எதிர்பார்த்த மாதிரி அவன் முகம் தெளியவில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னான். "மேல் வளைவுல ஒடஞ்சிருந்தா இன்னேரம்... வேணாம் தாமர. இனிமே நான் சக்கரத்தத் தொடல. நீயே பாத்துக்கோ. இல்லன்னா பாயையே பாக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு உள்ளே போய், புளிக் குவியலின் முன்னால் உட்கார்ந்து கட்டையை எடுத்துத் தட்டத் தொடங்கினான். அந்தச் சத்தம் செந்தாமரைக்குப் பிடிக்கவில்லை. மரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவன் இவ்வளவு தூரம் தணிந்து போனதில்லை. இத்தனை நாள் பொய் சொல்லிப் பொத்திப் பொத்தி எதைக் காப்பாற்றினாளோ, அது அவள் கண் எதிரே கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. இதை இப்படியே விட்டால் நாளைக்கு உலை வைப்பதை விடுவான், நாளை மறுநாள் பேசுவதை விடுவான்.

சக்கரம் ஆறட்டும் என்று காத்திருந்தாள். வெயில் சாய்ந்ததும் பெட்டியைத் திறந்து டார்க் ரெஞ்சை எடுத்துப் போய் அவன் மடியில் போட்டாள்.

"பாய் குடுத்தாரு. புது போல்ட்டு அமுந்தியிருக்குமாம். ஒரு தடவ பாத்துடணுமாம்."

"நீ பாரேன்."

"நான் ஓட்டறவ. இறுக்கறது உன் வேல. நீதான மொதல்ல அப்பிடி வேலயப் பிரிச்சு வுட்ட? நாளைக்கு ராஜேந்திரன் வூட்டுப் புளி லோடு கீது. நீ பாத்தாதான் நான் வண்டில ஏறுவேன். இல்லன்னா மூட்டைய அவங்க தலைல தூக்கிக்கினு எறங்கட்டும்."

அவள் குரலில் இருந்தது கோபம்தான். அன்பாகக் கேட்டிருந்தால் அவன் எழுந்திருக்கமாட்டான். எழுந்து வந்தான்.

இடது சக்கரத்தின் முன்னால் குந்தி, முதல் நட்டில் ரெஞ்சைப் பொருத்தி, இடது கையால் இழுத்தான். சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்க இன்னும் இழுத்தான். அப்போதும் டிக் வரவில்லை. செந்தாமரை தன்னையே திட்டிக்கொண்டாள். அடி பாவி, ஒருவேளை அந்தக் கை நிஜமாகவே போதாதோ? போதாவிட்டால் இவனை இந்த இடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது யார்? ஓடிப்போய் அவன் கைமேல் தன் கையை வைத்து இழுத்துவிடலாமா என்று இருந்தது. இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

ஜீவானந்தம் ரெஞ்சை விட்டான். அவள் பக்கம் திரும்பவில்லை. எழுந்து நின்று, காலை அகட்டி, கைப்பிடியின் கடைக்கோடியை எட்டிப் பிடித்தான். இந்த முறை கையால் இழுக்கவில்லை. பிடியை விடாமல், கிணற்றில் நீர் இறைக்கிறவன் போல உடம்பைப் பின்னால் சாய்த்தான்.

டிக்.

அவன் அசையாமல் நின்றான். "இதானா?" என்றான்.

"அதான்."

"இவ்ளோதானா?" என்று பழக்க தோஷத்தில் இன்னும் கொஞ்சம் சாயப் போனான்.

"கைய எடு மாமா! போதும்னு அதுவே சொல்லிடுச்சு."

எடுத்துவிட்டான். எதிர்ப்பக்க நட்டுக்குப் போனான். சாய்ந்தான். டிக். அடுத்தது. டிக். வலது சக்கரத்துக்கு வந்தபோது அவன் நெற்றியில் வியர்வை வழிந்தது, வாயோரம் சிரிப்பு ஒட்டியிருந்தது. கடைசி நட்டு அடித்ததும், ரெஞ்சைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, குழந்தையைத் தூக்கிப் போகிற மாதிரி உள்ளே கொண்டுபோய் வைத்தான். அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடுதல். செந்தாமரை ஒரு குறையும் சொல்லாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

ராஜேந்திரன் வீட்டு மூட்டைகள் அன்று ராத்திரியே டிரெய்லரில் ஏறியிருந்தன. மறுநாள் விடியும் முன்னால் ஜீவானந்தம் வழக்கம்போல எழுந்தான். "ஆட்ட ஓட்டிக்கினு போய்ட்டு வர்றேன்" என்றான். இனி அவன் போக வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் போனான். ஏன் போகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. உனக்குப் பயமாக இருந்தால் பார்த்துக்கொள் என்று இடம் விட்டுப் போகிறான்.

பயமாகத்தான் இருந்தது. பழகிய பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? மேல் வளைவு கண் முன்னால் வந்தது. அந்த 'டங்' சத்தம் காதில் கேட்டது. எழுந்து போய்ச் சக்கரத்தின் முன்னால் குந்தினாள். ஒரு நட்டின் மேல் விரலை வைத்தாள், சில்லென்றிருந்தது. ஸ்பேனர் பக்கத்திலேயே கிடந்தது. ஒரு சின்ன இழுப்பு, சும்மா பார்ப்பதற்கு, யாருக்குத் தெரியப் போகிறது? விரலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்பைப் பற்ற வைத்துக் கேழ்வரகுக் கூழை ஏற்றினாள். கூழ் கொதிக்கிற வரைக்கும் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அன்று அவள் செய்த வேலைகளிலேயே அதுதான் கஷ்டமான வேலை.

அவன் எப்போதையும்விடச் சீக்கிரம் திரும்பி வந்தான். ஆடுகள் முன்னால் ஓடிவர, அவன் டிரெய்லர் பக்கமே பார்க்காமல் வந்து நின்றான். அவள் டிராக்டரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவன் கண் அவள் கைகளைத் தேடியது. கையில் கிரீஸ் இல்லை, சாம்பலும் இல்லை.

"பாத்தியா?" என்றான்.

"இன்னாத்த?"

"சக்கரத்த."

"அதான் நேத்து நீ பாத்துட்டியே மாமா" என்றாள் செந்தாமரை. "நான் வேற எதுக்குப் பாக்கணும்?"

சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. லோடு ஏறிய டிரெய்லர் தெருமுனை திரும்பிப் போகிற வரைக்கும், ஆடுகள் பச்சையம்மாவின் அவரைப் பந்தலில் வாய் வைத்து மென்றுகொண்டிருப்பதைக்கூடக் கவனிக்காமல் ஜீவானந்தம் வாசலில் நின்றிருந்தான்.